விழும்போது ஊன்றிய கை: மணிக்கட்டு முறிவில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

கோயிலில் கால் கழுவும் குழாயடியில் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். 65 வயதைக் கடந்த பாட்டி ஒருவர் அங்கே கால் வழுக்குகிறார். விழும் நேரத்தில் முகத்தையும் தலையையும் காப்பாற்றிக்கொள்ள அவருடைய கை தானாகவே முன்னே நீண்டு தரையில் ஊன்றுகிறது. உடனிருப்பவர்கள் தூக்கி உட்கார வைக்கிறார்கள். தலையில் அடி இல்லை. இடுப்பிலும் அடி இல்லை. மணிக்கட்டு மட்டும் வலிக்கிறது. "ஒன்றுமில்லைம்மா, சுளுக்குத்தான். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும்" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். மூன்று நாள் நீவிய பிறகும் வீக்கம் வடியவில்லை. அதன் பிறகுதான் மருத்துவமனை ஞாபகம் வருகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் குடும்பங்களுக்கு இது புதிய காட்சியன்று. கோயில் குழாயடிக்குப் பதிலாகச் சந்தையின் ஈரத்தரையாக இருக்கலாம். வீட்டுக் குளியலறையாக இருக்கலாம். மழையில் நனைந்த ஐந்தடியாக இருக்கலாம். விழுவதும் கையை ஊன்றுவதும் ஒன்றேதான். பெரியவர்களுக்கு ஏற்படும் எலும்பு முறிவுகளில் அடிக்கடி காணப்படுபவற்றுள் மணிக்கட்டு முறிவும் ஒன்று.

இத்தகைய முறிவில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். கைக்கு என்ன ஆனது என்பது முதல் கேள்வி. நின்ற இடத்திலிருந்து சாதாரணமாக விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு எக்ஸ்ரே படமும் மாவுக்கட்டும் பதில் சொல்லிவிடுகின்றன. இரண்டாவது கேள்வியோ பல வீடுகளில் கேட்கப்படுவதே இல்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் சில ஆண்டுகள் கழித்து இடுப்பெலும்பு முறிவாக வந்து நிற்கக்கூடும்.

முறிவது எந்த எலும்பு?

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு நீண்ட எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. இவற்றின் கீழ் முனையில் எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசையாக அமைந்து மணிக்கட்டு ஆகின்றன. கையைத் தரையில் ஊன்றும்போது மணிக்கட்டின் வழியே மேலேறும் பாரத்தில் சுமார் 80 விழுக்காட்டை ரேடியஸ் எலும்பே தாங்குகிறது.

அந்த எலும்பின் நடுப்பகுதி கெட்டியான குழாய் போன்றது. கீழ் முனை அப்படியல்ல. அங்கே எலும்பு அகன்று, வெளியே மெல்லிய ஓடும் உள்ளே கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னலும் கொண்டதாக மாறுகிறது. வயது ஏற ஏற இந்த வலைப்பின்னல்தான் முதலில் மெலிகிறது. ஆகவே உள்ளங்கை தரையில் பட்டு, உடலின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கும்போது, மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் முறிந்து, முறிந்த முனை புறங்கைப் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

இந்த முறிவைத் தெளிவாக விளக்கியவர் அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ். ஆண்டு 1814. அதனால்தான் இன்றும் இதனைக் 'காலிஸ் முறிவு' என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர். அதுவரை பலரும் இதை மூட்டு விலகல் என்றோ சுளுக்கு என்றோதான் கருதி வந்தனர். எக்ஸ்ரே கதிர்களை ரோன்ட்கன் கண்டுபிடித்ததே 1895-இல்தான். அதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, கையால் தொட்டுப் பார்த்தும் இழுத்துப் பார்த்தும் காலிஸ் உண்மையைக் கண்டறிந்தார். கையை இழுத்துப் பிடித்தால் மணிக்கட்டு பழைய வடிவத்துக்கு வருகிறது. விட்டவுடன் மீண்டும் கோணிக்கொள்கிறது. இது மூட்டு விலகல் அல்ல, எலும்பு முறிவு என்று அவர் எடுத்துக்காட்டினார்.

கை மடங்கி, புறங்கை தரையில் படும்படி விழுந்தால் முறிந்த முனை உள்ளங்கைப் பக்கம் சாயலாம். இதற்கு 'ஸ்மித் முறிவு' என்று பெயர். இதுவும் டப்ளின் மருத்துவர் ஒருவர் 1847-இல் விவரித்ததுதான். எப்படி விழுந்தார், கை எந்தப் பக்கம் மடங்கியது என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

சுளுக்கா, முறிவா?

"விரலை அசைக்க முடிகிறதே, அப்படியானால் முறிவு இல்லை" என்பது நம்மிடையே ஊறிப்போன தவறான எண்ணம். விரல்களை அசைக்கும் தசைகள் முன்கையின் மேற்பகுதியில் உள்ளன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை செல்கின்றன. ஆகவே மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தாலும் விரல்கள் அசையும். விரல் அசைவதை வைத்து முறிவு இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து.

முறிவைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு. மணிக்கட்டுக்கு மேலே எலும்பின் மீதே ஒரு விரலால் மெதுவாக அழுத்தினால் குறிப்பிட்ட ஓர் இடத்தில் கடுமையாக வலிப்பது, சில மணி நேரத்தில் வீங்கிக் கன்றிப் போவது, ஒரு தேநீர்க் குவளையைக்கூடப் பிடித்துத் தூக்க முடியாமல் போவது ஆகியவை முக்கியமானவை. பக்கவாட்டில் பார்த்தால் கை, கவிழ்த்து வைத்த முள்கரண்டியைப் போல வளைந்து தெரிந்தால் அநேகமாக அது முறிவுதான். ஆனால் வளைவு தெரியாத முறிவுகளும் நிறைய உண்டு. 50 வயதைக் கடந்தவர் கை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று தெரியும்வரை அதை முறிவாகவே கருதுவது பாதுகாப்பானது.

இந்த நிலையில் நீவுவதும் உருவுவதும் கூடவே கூடாது. நகராமல் இருந்த முறிவு, நீவுவதால் நகர்ந்துவிடலாம். வீக்கம் அதிகமாகி, அருகில் ஓடும் நரம்பை நெருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு காலம்தான். முதல் சில நாள்களில் எலும்பை நிமிர்த்துவது எளிது. இரண்டு, மூன்று வாரம் கடந்துவிட்டால் எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும். பாரம்பரிய முறைகள் மீது நம்பிக்கை வைத்திருப்பவர்களும் முதலில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

விழுந்தவரின் கையிலுள்ள மோதிரங்களை முதலில் கழற்ற வேண்டும். அடுத்து வளையல்கள், கைக்கடிகாரம். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிற்றையும் அவிழ்த்துவிட வேண்டும்; தேவைப்பட்டால் வெட்டிவிட வேண்டும். சாமிக் கயிறாயிற்றே என்று தயங்குவதில் பொருளில்லை. வீக்கம் ஏறிய பின் அதே கயிறு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் கட்டாகிவிடும். தங்க வளையலை மருத்துவமனையில் இரும்புக் கத்தரியால் வெட்டி எடுக்க நேர்வதைவிட, வீட்டிலேயே சவர்க்கார நீர் தடவிக் கழற்றுவது நல்லது.

பிறகு, கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் அசையாமல் வைக்க வேண்டும். மடித்த நாளிதழையோ அட்டையையோ முன்கையின் அடியில் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டலாம். துண்டாலோ துப்பட்டாவாலோ தூளி போலக் கட்டிக் கழுத்தில் மாட்டலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 அல்லது 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். கோணிய கையை வீட்டிலேயே இழுத்து நேராக்க முயலக் கூடாது. மயக்க மருந்து தேவைப்படக்கூடும் என்பதால் மருத்துவமனைக்குப் புறப்படும் முன் வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்காமல் இருப்பது நல்லது. நீரிழிவு உள்ளவரானால் கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது மருந்து எடுத்தார் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தோல் கிழிந்து இரத்தம் வந்தால், விரல்கள் வெளிறினால் அல்லது நீலம் பாய்ந்தால், விரல்கள் மரத்துப் போனால் காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தலையில் அடிபட்டிருந்தாலும், மயங்கி விழுந்திருந்தாலும் அப்படியே. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 ஆகியவை ஆம்புலன்சுக்கான எண்கள்.

மருத்துவர் எவற்றைப் பார்க்கிறார்?

"கை முறிந்திருக்கிறது, கட்டுப் போடாமல் ஏன் இத்தனை கேள்வி?" என்று உறவினர்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. வழுக்கி விழுந்தாரா, தலை சுற்றி விழுந்தாரா என்பது முக்கியம். தலை சுற்றியிருந்தால் இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, இதயத் துடிப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறாரா, ஆஸ்துமா போன்ற நோய்க்காக நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாரா, எந்தக் கையால் வேலை செய்பவர், வீட்டில் தனியாக இருப்பவரா என்பனவெல்லாம் சிகிச்சையைத் தீர்மானிப்பவை.

அடுத்து, மணிக்கட்டோடு நிற்காமல் முழங்கையையும் தோளையும் மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். ஊன்றிய கையின் வழியே ஏறிய விசை மேலேயும் முறிவை உண்டாக்கியிருக்கலாம். கட்டைவிரலின் அடியில், விரலை விரிக்கும்போது தோன்றும் சிறிய குழியில் அழுத்திப் பார்ப்பார். அங்கே வலித்தால் மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் ஒன்றான ஸ்கேஃபாய்டு முறிந்திருக்கக்கூடும்.

பின்னர் நரம்புகளின் சோதனை. ஆள்காட்டி விரல் நுனி, சுண்டுவிரல் நுனி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள புறங்கைத் தோல் ஆகிய மூன்று இடங்களிலும் உணர்ச்சி சரியாக இருக்க வேண்டும். மூன்று இடங்களும் மூன்று வெவ்வேறு நரம்புகளுக்கு உரியவை. பிள்ளைகளைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கல், தாள், கத்தரி விளையாடச் சொல்வார்கள். முஷ்டி மடக்குவது ஒரு நரம்பின் வேலை. விரல்களை நிமிர்த்துவது இன்னொன்றின் வேலை. கத்தரி போல் விரிப்பது மூன்றாவதன் வேலை. விளையாட்டு முடிவதற்குள் பரிசோதனையும் முடிந்துவிடும்.

இவற்றுள் மணிக்கட்டின் நடுவே குறுகிய வழியில் செல்லும் மீடியன் நரம்புதான் இந்த முறிவில் அதிகம் பாதிக்கப்படுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போய், மரப்பு கூடிக்கொண்டே போனால் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள். அதைத் தாமதிக்காமல் கவனிக்க வேண்டும். எலும்பை நிமிர்த்துவதற்கு முன் ஒருமுறையும், பின் ஒருமுறையும் இந்தச் சோதனை செய்யப்படுவது அதனால்தான்.

எக்ஸ்ரே படம் சொல்லும் கணக்கு

எக்ஸ்ரே படம் குறைந்தது இரண்டு கோணங்களில் எடுக்கப்படும்: நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முறிவு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்கல்ல. எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளப்பதற்கும்தான்.

நல்ல நிலையிலுள்ள ரேடியஸ் எலும்பின் மூட்டுப் பரப்பு உள்ளங்கைப் பக்கமாகச் சுமார் 11 பாகை சாய்ந்திருக்கும். நேரே எடுத்த படத்தில் சுண்டுவிரல் பக்கமாக அதன் சரிவு 22 அல்லது 23 பாகை இருக்கும். முறிந்த பின் அந்தப் பரப்பு புறங்கைப் பக்கம் 10 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டதா, எலும்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் குறுகிவிட்டதா, மூட்டுக்குள் 2 மில்லிமீட்டருக்கு மேல் படி போன்ற ஏற்ற இறக்கம் இருக்கிறதா என்பவற்றை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எலும்பை நிமிர்த்திய பிறகும் இவற்றில் ஒன்று எஞ்சியிருந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு எழும். மூட்டுக்குள் முறிவு சிக்கலாக இருந்தால் சி.டி. ஸ்கேனும் எடுக்கப்படலாம்.

நிமிர்த்திய எலும்பு நிமிர்ந்தபடியே நிற்குமா என்பது அடுத்த கேள்வி. 60 வயதுக்கு மேற்பட்டவர், விழுந்தபோதே 20 பாகைக்கு மேல் சாய்ந்த எலும்பு, புறங்கைப் பக்கம் நொறுங்கிய முறிவு, மூட்டுக்குள் பரவிய முறிவு, அருகிலுள்ள அல்னா எலும்பிலும் முறிவு ஆகியவை எலும்பு மீண்டும் சரியக்கூடும் என்பதற்கான எச்சரிக்கைகள். இவை பல சேர்ந்திருந்தால் மருத்துவர் அடிக்கடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். "போன வாரம்தானே எடுத்தோம்" என்று அதைத் தவிர்க்கக் கூடாது. சரிவு பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வாரங்களில்தான் நடக்கிறது. அப்போது கண்டுபிடித்தால் திருத்தலாம்.

மாவுக்கட்டா, அறுவை சிகிச்சையா?

நகராத முறிவுக்கு மாவுக்கட்டே போதும். மலேசியாவில் பேச்சு வழக்கில் 'சிமெண்ட்' போடுவது என்கிறோமே, அதுதான். நகர்ந்த முறிவானால், வலி தெரியாதிருக்க மருந்து கொடுத்து, கையை இழுத்து எலும்பை நிமிர்த்திக் கட்டுப் போடுவார்கள். முதல் நாள்களில் வீக்கம் கூடும் என்பதால், கையைச் சுற்றி முழுவதும் மூடாத பாதிக் கட்டாகப் போடுவது வழக்கம். மொத்தத்தில் ஏறக்குறைய ஆறு வாரம் கட்டு இருக்கும்.

தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்ட முறிவு, நரம்பு நெருக்கப்பட்ட முறிவு, மூட்டின் பரப்பே பிளந்து நகர்ந்த முறிவு, நிமிர்த்தியும் நிற்காத முறிவு ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மெல்லிய கம்பிகளைச் செருகுவது ஒரு முறை. உள்ளங்கைப் பக்கம் திறந்து உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் பொருத்துவது இன்னொரு முறை.

தகடு வைத்தால்தான் நல்ல சிகிச்சை, கட்டு மட்டும் போட்டால் ஏனோதானோ சிகிச்சை என்று எண்ணுவோர் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டனில் 36 மருத்துவமனைகளில் 500 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, எலும்பை நிமிர்த்திய பின் கம்பி செருகப்பட்டவர்களையும் மாவுக்கட்டு மட்டும் போடப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. ஓராண்டுக்குப் பின் இரு தரப்பினரின் கைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் செயல்பட்டன. ஆனால் கட்டு மட்டும் போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு எலும்பு மீண்டும் சரிந்ததால் ஆறு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கட்டை நம்பலாம், ஆனால் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது என்பதே இதன் பாடம். அமெரிக்க எலும்பு மருத்துவர்களும் கை அறுவை மருத்துவர்களும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை நீண்டகால நோக்கில் கூடுதல் பலன் தருவதாகத் தெரியவில்லை என்கிறது. இளையவர்கள், கைத்தொழில் செய்பவர்கள் ஆகியோருக்குக் கணக்கு வேறாகலாம். அந்தக் கையால் அவர் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் பேசி முடிவெடுப்பதே சரி.

கட்டுப் போட்ட பின் வீட்டில்

முதல் சில நாள்கள் கையை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். இரவில் தலையணை மேல் வைக்கலாம். விரல்களை முழுதாக மடக்கி, முழுதாக நீட்டும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு மணி நேரமும் சில தடவை செய்ய வேண்டும். முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும். "கையை அசைக்காதே பாட்டி, எலும்பு ஒட்டாது" என்று பேரப்பிள்ளைகள் அன்பாகத் தடுப்பார்கள். அந்த அன்பு தீமையாக முடியும். அசைக்கக் கூடாதது மணிக்கட்டு மட்டுமே. விரல்களை அசைக்காமல் விட்டால் எலும்பு ஒட்டிய பிறகும் சோற்றைப் பிசைந்து எடுக்க முடியாத விறைத்த கைதான் மிஞ்சும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப் போகும் வாய்ப்பும் அதிகம் என்பதால் தோள் பயிற்சி மிக அவசியம்.

வலி குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனால், விரல்களை நீட்டினால் தாங்க முடியாத வலி எடுத்தால், விரல்கள் மரத்தால், வெளிறினால், கட்டு மிகவும் இறுக்கமாகத் தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். அடுத்த சந்திப்பு நாள்வரை பொறுத்துக்கொள்ளக் கூடாது. கட்டுக்குள் குச்சி விட்டுச் சொறிவதும், கட்டை நனைப்பதும் தோலைப் புண்ணாக்கும்.

இரண்டாவது கேள்வி

இனி, கேட்கப்படாமல் போகும் கேள்விக்கு வருவோம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கு எலும்பு முறிந்தால் வியப்பில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 'ஆஸ்டியோபோரோசிஸ்' எனப்படும் எலும்பு மெலிவு நோய் வலியே இல்லாமல் வளர்வது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக மெலியத் தொடங்குகிறது. மணிக்கட்டு முறிவு பலருக்கு அந்த நோயின் முதல் அறிகுறி.

ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு மறுமுறை எங்கேனும் முறியும் அபாயம், முறியாதவரைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த மறுமுறை முதுகெலும்பாகவோ இடுப்பெலும்பாகவோ இருக்கலாம். மணிக்கட்டு முறிந்தவர் ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டு வேலைக்குத் திரும்புகிறார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகின்றனர். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. இரண்டுக்கும் இடையே கிடைக்கும் சில ஆண்டுகள்தான் நமக்குள்ள வாய்ப்பு.

எனவே கட்டுப் பிரிக்கும் நாளில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "டாக்டர், இவருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா?" பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஊசி இல்லை, வலி இல்லை. அதன் முடிவு 'டி ஸ்கோர்' என்ற எண்ணாக வரும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய் என்று பொருள்.

இன்னும் எலும்பு முறியாதவர்களுக்கு ஓர் எளிய வீட்டுக் கணக்கு உண்டு. ஆசியாவில் எட்டு நாடுகளின் பெண்களிடம் நடத்திய ஆய்வின் அடிப்படையில் 2001-இல் வெளியானது அது. மாதவிடாய் நின்ற பெண் தம் வயதிலிருந்து தம் எடையைக் கிலோவில் கழிக்க வேண்டும். விடை 20-க்கு மேல் என்றால் அபாயம் அதிகம். 0 முதல் 20 வரை என்றால் நடுத்தரம். அதற்கும் கீழே என்றால் குறைவு. 68 வயது, 45 கிலோ எடை என்றால் விடை 23. அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். எலும்பு ஏற்கெனவே முறிந்தவருக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. முறிவே விடையைச் சொல்லிவிட்டது.

நோய் இருப்பது தெரிந்தால் மருந்து உண்டு. வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரையும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஆறு மாத ஊசியை மருத்துவரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு. உணவிலும் கவனம் வேண்டும். பால், தயிர், தௌஃபு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, கேழ்வரகு ஆகியவை சுண்ணாம்புச் சத்து தருபவை. வெயில் நிறைந்த நம் நாடுகளிலும் வைட்டமின் டி குறைந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

எலும்பைப் பலப்படுத்துவது பாதி. விழாமல் இருப்பது மறுபாதி. குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு, தேய்ந்த செருப்பை மாற்றுவது, கண்புரையைக் கவனிப்பது, தூக்க மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்பது ஆகியவை பெரிய செலவில்லாத காரியங்கள். சிங்கப்பூரில் வீவக வீடுகளில் வசிக்கும் மூத்தோருக்குப் பிடிமானக் கம்பிகளையும் வழுக்காத தரைப் பூச்சையும் மானிய விலையில் செய்து தரும் திட்டம் 2012 முதல் நடப்பில் உள்ளது.

நேயர்கள் அடிக்கடி கேட்பவை

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். வலி மட்டும் போகவில்லை. ஏன்?
ஸ்கேஃபாய்டு எலும்பின் முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பு ஒட்டாமலே போய்விடக்கூடும்.

கட்டுப் பிரித்த பின் கை சற்று வளைந்து தெரிகிறது. மறுபடியும் அறுவை சிகிச்சை வேண்டுமா?
வளைவு இருந்தும் நன்றாக வேலை செய்யும் கைகள் மூத்தோரிடம் ஏராளம். வலியும் பலவீனமும் அன்றாட வேலைகளைத் தடுத்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முறிவு ஆறிய பிறகு கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை. இது எதனால்?
கட்டைவிரலைத் தூக்கும் நாண் அறுந்திருக்கலாம். அதிகம் நகராத முறிவிலும், சில வாரங்கள் கழித்து இப்படி நேர்வதுண்டு. மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். வேறொரு நாணை மாற்றிப் பொருத்திச் சரிசெய்ய முடியும்.

பிள்ளை விளையாடும்போது கை ஊன்றி விழுந்துவிட்டான். பெரியவர்களைப் போலவேதானா?
இல்லை. பிள்ளைகளின் எலும்பு இளங்கிளை போன்றது. முழுதாக முறியாமல் ஒரு பக்கம் நசுங்கிப் புடைத்துக்கொள்வது அதிகம். அது எளிதில் ஆறும். ஆனால் எலும்பு வளரும் பகுதியில் அடிபட்டிருந்தால் பின்னாளில் வளர்ச்சி பாதிக்கப்படலாம். எது என்பதை எக்ஸ்ரே பார்த்த மருத்துவரே சொல்ல முடியும்.

கோயில் குழாயடியில் விழுந்த அந்தப் பாட்டியிடம் திரும்புவோம். அவருடைய கை அவரைக் காப்பாற்றியது. தலைக்கு வர வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொண்டது. அந்தக் கையைச் சரியாகக் கவனித்துக் குணப்படுத்துவது வீட்டார் கடமை. கூடவே, அந்தக் கை கொடுத்த எச்சரிக்கையையும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் கடந்த சில ஆண்டுகளில் அம்மாவோ அத்தையோ பாட்டியோ இப்படி விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தாயிற்றா என்று இன்றே கேட்கலாம். இல்லை என்பது பதிலானால், அடுத்த வாரமே கிளினிக்கில் நாள் வாங்கி அவரை அழைத்துச் செல்லலாம்.